என் தம்பியின் டீசல் தொட்டி

அதிராவ், ஜாயிக் ஆற்றங்கரை.

அஸ்தானாவில் உத்தியோகம் பார்க்கும் என் உடன்பிறந்தாளின் ஒரே புதல்வன், மருமகன் மிராசுக்கு, தாய்மாமன் சார்சென்பாய் ஆசி கூறி எழுதுவது. உன் உடம்பும், குளிர்காலக் காலணியும், மேலதிகாரியின் மனநிலையும் நலமா? இங்கே நானும் உன் அத்தை கூல்ஷாத்தும் நலம். குதிரைதான் சற்று மெலிந்திருக்கிறது. இனி நான் சொல்லப்போவதை பூமியில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று முன்கூட்டியே சத்தியம் செய்துவிடுகிறேன்.

உன் சின்ன மாமன், அதாவது என் தம்பி குவான்கலி, போன வருஷம் வரை சந்தையில் மீன் விற்றவன், எண்ணெய் வியாபாரி ஆகிவிட்டான். வீட்டுக்குப் பின்னால் ஒரு டீசல் தொட்டி நிறுத்தியிருக்கிறான் பார், அதன் நிழல் விழுந்து எங்கள் முற்றத்தில் ஆகஸ்டிலேயே பனி உறைந்துவிட்டது. அவன் தும்மினால் லண்டனில் விலை ஏறுகிறதாம். காலையில் கைப்பேசியில் கச்சா எண்ணெய் விலையைப் பார்த்து அவன் புருவத்தைத் தூக்கினால், தெருவே தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைக்கிறது. முன்பெல்லாம் விருந்தில் ஆட்டுத்தலையை யார் முன் வைப்பார்கள்? என் முன். இப்போது அவன் முன்! அவன் அறுத்து எனக்குத் தருவது காது. காது சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, மிராஸ்!

இந்த வயிற்றெரிச்சல் போதாதென்று இன்னொன்று. கச்சா எண்ணெய் உலகம் பூராவும் இறங்குகிறதே, டீசலும் இறங்கிவிடும் என்று நம்பி, குளிருக்குச் சேர்த்துவைத்த பீப்பாய்களை அவனிடமே விற்றுத் தொலைத்தேன். உடனே பழுதுபார்க்கவென்று சுத்திகரிப்பு ஆலையை மூடினார்கள். எல்லைக்கு அப்பால் நல்ல விலை என்று லாரிகள் அந்தப் பக்கம் நழுவின. டீசல் விண்ணுக்கு ஏறியது. நேரே போய்ச் சண்டை பிடித்தேன்.

"கச்சா எண்ணெய் இறங்கித்தானேடா கிடக்கு?"

"அண்ணே, ஒட்டகம் மலிஞ்சு என்ன பிரயோஜனம்? கறக்கிறவன் லீவுல போயிட்டானே!"

என் பக்கம் நிற்க வேண்டிய உன் அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வித்திருக்கலாம்ல?"

"மீன் வித்தவன்கிட்டயா?"

"அவரு மீனைத்தான் வித்தாரு. நீங்க குளிர்காலத்தையே வித்துட்டீங்க."

ஆகவே மருமகனே, நம் வழக்கம் உனக்குத் தெரியும். சகோதரி மகன் வாய்விட்டுக் கேட்டால் தாய்மாமன் மறுக்கக் கூடாது, மூன்று தடவை. என்னிடம் குதிரைக்குட்டியும் வேட்டை நாயும் கேட்டு வாங்கிவிட்டாய். நான் முணுமுணுத்தேனா? (அழுதேன், அது வேறு.) குவான்கலியிடம் நீ இன்னும் எதுவுமே கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விருந்து வைக்கிறான். ஊரே உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று, "மாமா, அந்தத் தொட்டி" என்று மட்டும் சொல். அதை அஸ்தானாவுக்குச் சுமக்க வேண்டாம். இங்கேயே, என் பராமரிப்பில் இருக்கட்டும்.

உன் மந்தை புல்வெளிக்கு அடங்காமல் பெருகட்டும். அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
காது தின்று வாழும் மாமன்,
சார்சென்பாய்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது குவான்கலியே வந்து நின்றான். "வெள்ளிக்கிழமை மிராஸ் வர்றானாமே, அண்ணி சொன்னாங்க. கேட்டுடுவான்னு தொட்டியை உன் பேருல மாத்திட்டேன் அண்ணே. விருந்து முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடு" என்றான். கொடுப்பேனா? என்னிடம் உனக்கு இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கிறதே, ஆகவே நீ வர வேண்டாம். ரயிலில் எல்லாருக்கும் காய்ச்சலாம். சகோதரி மகன் கேட்டதைக் கொடுக்கும் வழக்கம் நம் குலத்தில் இருந்ததே இல்லை. மேலே எழுதியதெல்லாம் சுத்தப் புளுகு. பொறாமை மட்டும் நிஜம். அதுவும் இன்று மத்தியானம் வரைக்கும்தான்.