நான் வைத்த பெரட்டு

அதிகாரம் கையில் வந்தால் நான் ஒழுங்காக இருக்க மாட்டேன். மறைத்துப் பயனில்லை, நேரில் பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள்.

அப்போது ஹட்டனில் சனிக்கிழமைகளில் முகாமைத்துவ டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். அது முடிந்தால்தான் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் என் கிளார்க் வேலை நிரந்தரமாகும். ‘நிறுவன நடத்தை’ பாடத்துக்குப் பரீட்சைக்குப் பதிலாகக் குழுப் பயிற்சி. ஐந்து பேர் ஒரு கம்பெனி. அரை மணி நேரத்தில் ஐம்பது தேயிலைப் பைகளைக் காகிதத்தில் ஒட்ட வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மேனேஜர் பதவி விழுந்தது. ஊழியர்களை விருப்பத்தோடு வேலை செய்ய வைத்தால் புள்ளி.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த எனக்குத் தெரிந்த மேனேஜர், தோட்டத்துத் துரை ஒருவர்தான். ஆகவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெரட்டு வைத்தேன். (காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரிப்பது.) மூன்று பேர் சிரித்துக்கொண்டே நின்றார்கள். தலவாக்கலைச் செல்வி ஐந்து நிமிடம் பிந்தி, மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“பஸ்ஸு லேட்டாயிருச்சுங்க.”

“பெரட்டு முடிஞ்சிருச்சு. வீட்டுக்குப் போ.”

பிந்தி வருபவர்களைத் தோட்டத்தில் அப்படித்தான் விரட்டுவார்கள். நான் நடித்தேன். செல்வி நடிக்கவில்லை, பையை மாட்டிக்கொண்டு நிஜமாகவே போய்விட்டாள்.

வரிசையில் நின்ற ராகலை மோகன் பசைப் போத்தலை மூடினான். “அந்தப் புள்ளய கூப்பிடுற வரைக்கும் வேலை இல்லீங்க தொரை.”

மூவரும் வெளியேறி எதிர்க்கடையில் பிளேன்டீ குடித்தார்கள். நான் ஜன்னல் வழியாகக் கெஞ்சினேன். (“துரைமார் கெஞ்ச மாட்டார்கள்” என்றார் விரிவுரையாளர், குறிப்பெழுதியபடியே.) தனியாளாக ஏழு பை ஒட்டினேன். அதில் இரண்டு என் சட்டையில் ஒட்டின.

செல்வி உட்பட நால்வருக்கும் குழு ஒற்றுமைக்காக முழுப் புள்ளி. எனக்குப் பூச்சியம். வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது.

அம்மா கொழுந்தெடுப்பவர். ஆறுதல் சொல்வார் என்று நம்பி முழுவதையும் சொன்னேன்.

“பஸ்ஸு லேட்டாகி வந்த புள்ளயவா வெரட்டுன? உனக்குப் பால் குடுத்துட்டு ஓடுனப்ப என்னைய எத்தன நாளு வெரட்டுனாங்க தெரியுமா?”

பூச்சியம் வாங்கியபோதுகூட அவ்வளவு வெட்கமாக இருக்கவில்லை.

அடுத்த வாரம் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வருடம் தேறியும்விட்டேன். அதையெல்லாம் அம்மா யாரிடமும் சொல்வதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, “நம்ம சொந்தத்துலயே தொரையா இருந்தது இவன் ஒருத்தன்தாங்க. பத்து நிமிஷம் இருந்தான். அதுலயும் ஸ்ட்ரைக்கு” என்கிறார்.