பீன்ஸ் கொடி மாலையோடு ஒரு முதலிடம்

ஓட ஆரம்பித்த புதிதில் எல்லாருக்கும் ஒரு வியாதி வரும். கால் நின்ற பிறகும் வாய் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் எவ்வளவு தூரம் ஓடினோம், எந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, முழங்காலுக்கு எந்தத் தைலம் நல்லது என்று கேட்டவர்களிடமும் சொல்வோம், கேட்காதவர்களிடம் இன்னும் விரிவாகச் சொல்வோம். எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்த காலம் அது. நான் தையல்காரி. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்களை நிற்கவைத்து, அரைமணி நேரம் என் ஓட்டத்தைப் பற்றியே பேசியிருக்கிறேன். (கழுத்தைச் சுற்றி டேப் இருக்கும்போது யார்தான் நகர்ந்து போவார்கள்?)

கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். மிளகும் காப்பியும் கொஞ்சம் மரவள்ளியும் போட்டிருக்கிறோம். முப்பத்தேழு வயதுவரை நான் எதற்காகவும் ஓடியவள் இல்லை. ஒருநாள் செம்மேட்டுக்குப் போகிற காலை பஸ்ஸைத் தவறவிட்டு, பின்னாலேயே துரத்திப் போய்ப் பிடித்துவிட்டேன். கண்டக்டர் கைகொடுத்து ஏற்றிவிட்டு, "அக்கா, நீங்க இந்தியாவுக்காகவே ஓடலாமுங்க" என்றார். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். ஏற்றத்தில் பஸ் முதல் கியரில் முக்கிக்கொண்டிருந்தது என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

மறுநாளே ஆள் சேர்த்தேன். ஒருத்தி சரசக்கா, பள்ளி விடுதியில் சமையல் செய்பவள். இன்னொருத்தி ஜோதி, அடிவாரத்துப் புளியஞ்சோலையில் பிறந்து எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தவள். சரசக்கா ஓடுவதற்காக ஓடினாள். ஜோதி பேசுவதற்காக ஓடினாள். நான் ஓடியதைப் பிறகு பேசுவதற்காக ஓடினேன்.

பள்ளிச் சீருடை தைத்ததில் மெரூன் துணி மிச்சம் கிடந்தது. மூன்று பேருக்கும் அதிலேயே பேண்ட் தைத்துவிட்டேன். முதல் நாள் நாங்கள் மூவரும் ஒரே நிறத்தில் ரோட்டில் இறங்கியபோது, ஏணி மேலே நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்த ஒருவர், "என்ன கண்ணு, கரடி தொரத்துதா?" என்று கேட்டார். மூச்சு வாங்கியதில் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, அவர் ஏணியில் இருந்து குதித்து எங்களுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார். டீக்கடை வரைக்கும் அவர்தான் முதல். விஷயம் தெரிந்ததும் அவர் எங்களைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஆனாலும் அந்த வருடத்து மாசி மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குள் ஒரு துள்ளல் வரும். முதல் மழை பெய்து காப்பிச்செடியெல்லாம் ஒன்றாகப் பூத்துவிட்டது. பனிக்குள் ஓடும்போது பூ கண்ணில் படாது, வாசம்தான் முதலில் வந்து முகத்தில் மோதும். மல்லிகைக் கடைக்குள் ஓடுகிற மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்தால் என் தோட்டம். மூன்று வருடமாக முயன்றும் வராத பீன்ஸ் கொடி, அந்த வருடம்தான் பந்தல் ஏறிப் பூ வைத்திருந்தது. (முதல் வருடம் மழை அழுக வைத்தது. அடுத்த வருடம் முள்ளம்பன்றி. அதற்கடுத்த வருடம் என் வீட்டுக்காரர், களை என்று நினைத்துப் பிடுங்கிப்போட்டார். அந்தச் சண்டையைத் தனியாக எழுத வேண்டும்.)

அப்போதுதான் ஊர் இளைஞர்கள் ஒரு மலை ஓட்டப்போட்டி அறிவித்தார்கள். பெண்களில் முதலாவதாக வருபவருக்கு வெட் கிரைண்டர். அதைக் கேட்ட நாளிலிருந்து சரசக்கா ஆளே மாறிவிட்டாள்.

"கலா, ஆட்டாங்கல்லுல மாவாட்டி எந்தோள்பட்டையே கழண்டு போச்சு. அந்தக் கிரைண்டர் எங்கூட்டுக்குத்தான் வருது, பாத்துக்க."

கிரைண்டர் மட்டும் இல்லை. அவள் மாமியார், "பொம்பள ரோட்டுல ஓடுனா ஊரே சிரிக்கும்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். போட்டியன்று அந்த மாமியாரையே முன்வரிசை நாற்காலியில் உட்காரவைக்க ஏற்பாடு செய்திருந்தாள் சரசக்கா. என் லட்சியம் சின்னது. கடைசியாக வரக்கூடாது, அவ்வளவுதான். பயிற்சியில் எப்போதும் நான்தான் கடைசி. பேசிக்கொண்டே ஓடும் ஜோதிகூட என்னை முந்திப்போய், திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வாள்.

இங்கே வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் புறப்பட்டு, ஊர்களைச் சுற்றி, மறுபடி மைதானத்துக்கே வர வேண்டும். கடைசிப் பகுதியில் ரோடு எங்கள் வீட்டு வாசலைத் தொட்டு, கரட்டுக் குன்றைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறி மைதானத்துக்குப் போகும். எங்கள் தோட்டத்துக்குப் பின்னாலிருந்து காப்பிக்காட்டு வழியாக ஓர் ஒற்றையடிப் பாதையும் உண்டு. ரோட்டில் ஓடுகிறவர்களுக்கு அரைமணி ஆகும் தூரம், அந்தப் பாதையில் ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

போட்டியன்று எனக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை. கால் இரண்டும் வேறு யாருடையதோ போல ஓடின. மலைக்குக் கீழே இருந்து விலை உயர்ந்த ஷூவோடு வந்த கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் முதல் ஏற்றத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். "வாரேன் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே அவர்களைத் தாண்டினேன். ஜோதியைத் தாண்டினேன்! அவள் வழியில் நின்ற ஒரு சொந்தக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள் என்பது உண்மைதான். இருந்தாலும் தாண்டியது தாண்டியதுதானே? சரசக்கா கண்ணுக்கெட்டாத தூரத்தில் பெண்களில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தாள். நான் நடுவில்! வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் திரும்பித் திரும்பிப் பார்த்து அந்த சந்தோஷத்தை அனுபவித்தேன்.

அந்த நிலையில்தான் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேன். பழக்கதோஷத்தில் தோட்டத்துப் பக்கம் கண் போனது.

என் பீன்ஸ் பந்தலுக்குள் மைனர் நின்றுகொண்டிருந்தது.

மைனர் என்பது பக்கத்து வீட்டுச் செல்லண்ணனின் கருப்பு ஆட்டுக்கிடா. கன்றுக்குட்டி உயரம், ஊரே தனக்கு வரி கட்ட வேண்டும் என்கிற மாதிரி ஒரு பார்வை. எல்லாரும் போட்டி பார்க்கப் போய்விட்டதால் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. பூவும் பிஞ்சுமாகப் பாதிக் கொடி அதன் வயிற்றுக்குள் போயிருந்தது.

நல்ல ஓட்டக்காரியாக இருந்தால் ரோட்டைப் பார்த்து ஓடியிருப்பாள். நான் வேலியைத் தாண்டினேன். கத்திக்கொண்டே பந்தலுக்குள் பாய்ந்ததில் பந்தலே என் தலைமேல் சாய்ந்தது. கொடி கழுத்தில் மாட்டிக்கொண்டது. மைனர் வாயில் இருந்ததை விடாமல் பின்பக்கமாகப் பாய்ந்து காப்பிக்காட்டுக்குள் ஏறியது. நானும் ஏறினேன். போட்டி, நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் எல்லாம் மறந்தே போயிற்று. மூன்று வருடத்துக் கோபம் மொத்தமும் காலுக்கு இறங்கியிருந்தது. காப்பிப் பூ தலையில் கொட்ட, கொடி பின்னால் இழுபட, அன்றைக்கு நான் ஓடிய மாதிரி அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை.

மைதானத்து வாசலில் தப்பு மேளம் அடிப்பவர்கள் தயாராக நின்றார்கள். முதலாவதாக வரும் பெண்ணைப் பார்த்ததும் அடி கிளப்ப வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. எல்லாருடைய கண்ணும் ரோட்டு வளைவிலேயே இருந்ததால், பக்கவாட்டில் வந்த மைனர் கால்களுக்கிடையே புகுந்து மேடைக்கு அடியில் மறைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அதன் பின்னால் நான் வந்ததைத்தான் கவனித்தார்கள்.

நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "ஆடு! ஆடு! உடாதீங்க! ஆடு!"

தப்புக்குழுவின் தலைவர் வேலு கையைத் தூக்கினார். "டேய், அக்கா ஆடச் சொல்றாங்கடா!"

தப்பு இடித்தது. ஊர் ஆடியது. சும்மா இல்லை, குதித்துக் குதித்து ஆடியது. நான் கூட்டத்துக்குள் குனிந்து ஆட்டைத் தேடுகிறேன், அதைப் புது அடி என்று நினைத்து நாலு பேர் என்னோடு குனிந்து ஆடுகிறார்கள். மேடைக்கு அடியில் பார்க்கலாமென்று பாய்ந்தேன். முடிவுக் கோட்டில் குறுக்கே கட்டியிருந்த ரிப்பன் என் நெஞ்சில் பட்டு அறுந்தது.

மைக் பிடித்திருந்த தம்பி உச்சஸ்தாயியில் அலறினான்: "பெண்களில் முதலிடம், நம்ம தையல்கார கலாக்கா!"

"நான்... இல்ல... ஆடு..." என்றேன். மூச்சு அதற்குமேல் வரவில்லை.

"அக்கா இன்னும் ஆடச் சொல்றாங்க! நிறுத்தாதீங்க!"

யாரோ என்னைத் தோளில் தூக்கினார்கள். அந்த உயரத்திலிருந்துதான் பார்த்தேன், சரசக்கா வளைவில் திரும்பி ஓடி வந்துகொண்டிருந்தாள். தலைமுடி ஒட்டிப்போய், முகம் சிவந்து, அவ்வளவு அழகாக ஓடி வந்தாள். மைதானத்து வாசலில் நின்றாள். அறுந்த ரிப்பனைப் பார்த்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தாள். பிறகு தோள்மேல் இருந்த என்னைப் பார்த்தாள்.

"நீ எப்பக் கலா என்னையத் தாண்டுனே?" என்று மெல்லக் கேட்டாள்.

அந்தக் குரலுக்கு நான் செத்துப்போயிருக்கலாம். தோளிலிருந்து வழுக்கி விழுந்து, தம்பியிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன். "நான் ஜெயிக்கலீங்க! எந்தோட்டத்துல ஆடு பூந்துருச்சுங்க. அதத் தொரத்திக்கிட்டுக் குறுக்குப் பாதையில வந்தேனுங்க. ஆடுன்னா ஆடறது இல்லீங்க! நாலு காலு ஆடுங்க! கொம்பு வெச்ச ஆடுங்க!"

தப்பு நின்றது. ஒருவரும் நம்பவில்லை. ஜெயித்த சந்தோஷம் தாங்காமல் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மைக்கிலேயே கேட்டது. அந்த நேரம் பார்த்து மைனர் மேடைக்கு அடியிலிருந்து நிதானமாக வெளியே வந்தது. பரிசு பெறுபவருக்காக வாங்கிவைத்திருந்த ரோஜா மாலையில் பாதி அதன் வாயில் இருந்தது. கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மீதியையும் மென்றது.

முதலில் சிரித்தது சரசக்காதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரிக்க, ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே அவள் மாமியார் எழுந்து நின்று கையை ஓங்கிச் சத்தம் போட்டார்:

"என்னடா பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க? ரிப்பனை இன்னொருக்காக் கட்டுங்கடா! எம்மருமவ அறுக்கோணும்!"

ரிப்பனை முடிச்சுப் போட்டு மறுபடி கட்டினார்கள். சரசக்கா வாசல்வரை போய்த் திரும்பி ஓடி வந்து அறுத்தாள். கிரைண்டரும் அவளுக்கே. மாலை மைனரின் வயிற்றில் இருந்ததால், என் கழுத்திலிருந்த பீன்ஸ் கொடியையே எடுத்து அவளுக்குப் போட்டேன். தப்பு முன்னைவிடப் பலமாக இடித்தது. இந்தமுறை நானும் ஆடினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "நீ முடிக்கலியே கலா" என்றாள் சரசக்கா. "வா, உட்ட எடத்துல இருந்து ஓடலாம்." கொடி மாலையைக் கழற்றாமல் என்னோடு இறங்கி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். அங்கிருந்து இரண்டு பேரும் மறுபடி ரோட்டில் ஓடினோம். பாதி வழியில் பின்னாலிருந்து ஓடி வந்து ஜோதி சேர்ந்துகொண்டாள். அவள் அப்போதுதான் சொந்தக்காரியிடம் பேசி முடித்திருந்தாள். பின்னால் ஊர்ப் பிள்ளைகள், அதற்குப் பின்னால் தப்பு, எல்லாருக்கும் பின்னால் செல்லண்ணன் இழுத்துக்கொண்டு வந்த மைனர். மூச்சு முட்ட, கண்ணில் தண்ணீர் வர, ஒரு கல்யாண ஊர்வலம்போல மைதானத்துக்குள் நுழைந்தோம். முடிவுக் கோட்டில் ஜோதி ஓர் எட்டு முந்திவிட்டாள். ஆக, நான்தான் கடைசி. என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான கடைசி அதுதான்.

போட்டி இன்றைக்கும் வருடாவருடம் நடக்கிறது. எங்கள் தோட்டத்துக்கு முன்னால் மட்டும் தனியாகக் கயிறு கட்டி, ஒரு ஆளையும் நிறுத்துகிறார்கள். என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு அதே வேலுவின் குழுதான் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குக் குச்சியை ஓங்கியவர், கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் அடிக்காமல் நிறுத்திக் கேட்டார்: "அக்கா, இன்னைக்கு ஆடறதுங்களா, புடிக்கறதுங்களா?" மண்டபமே வெடித்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் நல்ல நேரம் போய்விடும்போல் இருந்தது.

அன்றிலிருந்து என் வீட்டில் நான் அவசரத்துக்கு ஒரு வார்த்தை கத்த முடியாது. போன வாரம் வாசலில் மிளகு காயப் போட்டிருந்தேன். திடீரென்று வானம் இருட்டிக்கொண்டு வர, "மழை! மழை! ஓடியாங்க!" என்று அலறினேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரரும் மகளும் ஒரே குரலில் கேட்டார்கள்:

"ஆடறதா, புடிக்கறதா?"

இரண்டு பேரும் சிரித்து முடித்து வருவதற்குள் மிளகு மொத்தமும் நனைந்துவிட்டது.