வட்டுக்கும் வந்த வரிசை மரியாதை

கணினி விஞ்ஞானத்துக்கு ஜெர்மனியின் ஹம் நகரத் தமிழர் அளித்த கொடையை உலகம் இன்னும் உணரவில்லை. 2009ஆம் ஆண்டு எங்கள் பேரவை மண்டபத்தில் அது நிகழ்ந்தபோது, தேநீர் ஊற்றிக்கொண்டு கதவோரம் நிற்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

பேரவையிடம் ஒரு பெரிய கணினி இருந்தது. அதை மென்பொருளால் நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கணினி என்று நம்பவைத்திருந்தார்கள். இவற்றுக்கு மெய்நிகர் இயந்திரங்கள் என்று பெயர். ஒன்று தலைவருக்கு, ஒன்று கோயிலுக்கு, ஒன்று விளையாட்டுக் கழகத்துக்கு, ஒன்று தமிழ்ப் பாடசாலைக்கு. ஆனால் நான்குக்கும் கோப்புகளைச் சேமிக்கும் வட்டு ஒன்றுதான். ஒரு சங்கம் நான்காக உடைந்த பிறகும் மண்டபம் ஒன்றாகவே இருப்பதுபோல.

தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா தமது பொன்னாடைப் படங்களை ஏற்றும்போதெல்லாம் மற்ற மூன்றும் மூச்சுத் திணறின. கணினியைப் பார்த்துக்கொள்ளும் கார்த்திகன் கூட்டத்தில் எழுந்தான்.

"அண்ணை, ஒராள் வட்டை முழுக்கப் பிடிச்சு வைச்சிருக்கிறார். ஆளாளுக்கு ஒரு வேக உச்சவரம்பு போட்டா எல்லாருக்கும் கிடைக்கும்."

"தலைவருக்கு வரம்பு போட்டா வெளியில என்ன கதைப்பினம்?" என்றார் பொருளாளர் முருகேசு.

தலைவர் கண்களை மூடிச் சிந்தித்தார். "தம்பி, திருவிழாவில முதல் மரியாதைக் காளாஞ்சி ஆருக்கு?"

"உங்களுக்கு அண்ணை."

"பிறகென்ன. அந்த வரிசையிலயே வேகத்தையும் குடு."

இவ்வாறு 'சமத்துவம்' பிறந்தது. தலைவருக்கு வரம்பில்லை. கோயிலுக்குத் தாராளம். கழகத்துக்கு அளவாக. காளாஞ்சி வாங்கியே அறியாத பாடசாலைக்கு மிச்சம்.

அடுத்த சனிக்கிழமை பாடசாலையில் கேட்டல் பரீட்சை. தவறினால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். பிள்ளைகள் காதுக்கருவி மாட்டிக்கொண்டு, பாடசாலையின் பங்கிலிருந்து ஒலி பெறும் சிறு கணினிகளின் முன் அமர்ந்தார்கள். "அம்மா சந்தைக்குப் போனார். அங்கே அவர் வாங்கியது..." என்று சொல்லிவிட்டு ஒலி நின்றது.

வினா: அம்மா என்ன வாங்கினார்?

ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். "ரீச்சர், அவா இன்னும் வாங்கேல்லை."

குமுதினி ரீச்சர் கார்த்திகனிடம் ஓடினார். "தம்பி, தலைவர் இப்ப படம் ஏத்துறாரோ?"

"இல்லை அக்கா. அவர் பக்கத்து அறையில கொத்துரொட்டி சாப்பிடுறார். வட்டு சும்மாதான் கிடக்கு."

"அப்ப கொஞ்சம் கூட்டிவிடுங்கோவன்."

"ஏலாது அக்கா. சும்மா கிடந்தாலும் வரம்பு வரம்புதான். விண்ணப்பம், அன்ட்ராக் ஒண்டு எழுதித் தாங்கோ. அடுத்த கூட்டத்துக்கு வைப்பம்."

"அம்மா சந்தையில் நிற்கிறார்" என்று பாதி வகுப்பு எழுதியது. மிச்சப் பாதி, அம்மா ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டார் என்று எழுதியது. வகுப்பு முழுவதும் தவறியது.

அடுத்த கூட்டம் சிறப்பாக நடந்தது. ஓர் இயந்திரமும் வரம்பு மீறவில்லை என்று கார்த்திகன் அறிக்கை வாசித்தான். கைதட்டினார்கள். பிள்ளைகள் தவறியதற்கும் காரணம் ஆராயப்பட்டது. "வீட்டில தமிழ் கதைக்கிறேல்லை" என்று தாய்மாருக்குக் கண்டனத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தீர்மானத்தை வாசிக்கும் தலைவரின் படங்கள் ஒரு தடங்கலுமின்றி அன்றே ஏறின.

எனவே, எங்கள் பிள்ளைகளிடம் தமிழ் போய்ச் சேரவில்லை என்று ஜெர்மனியை யாரும் குறை சொல்லவேண்டாம். தமிழ் புறப்பட்டுத்தான் வந்தது. பாதி வாக்கியத்தில் நாங்கள்தான் நிறுத்தினோம், ஏகமனதாக.