மனை விதியும் மனைவியும்

"விடப்போறதில்ல! ஒருக்காலும் விடப்போறதில்ல!" என்று கூடத்தின் நடுவில் நின்று முழங்கினார் அறிவிப்பாளர்.

ஆறு தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் அது யார் காதிலும் விழவில்லை.

ரயில் நிலையத்தில் அவர் கதையே வேறு. ஒலிபெருக்கியில் அவர் தொண்டையைச் செருமினாலே போதும், ஆயிரம் பேர் பெட்டியைத் தூக்குவார்கள். இரண்டாவது நடைமேடை என்றால் இரண்டாவது நடைமேடைக்கு ஓடுவார்கள். "வருந்துகிறோம்" என்று அவர் சொல்லும் அழகில், ரயிலைத் தவறவிட்டவர்கள்கூட மனம் ஆறிவிடுவார்கள். வீட்டில் அவர் என்ன அறிவித்தாலும் ஒருவரும் காலைக்கூட நகர்த்துவதில்லை.

எல்லாம் மனைவியின் தையல் வகுப்பு வந்த பிறகுதான். முதலில் கூடத்திலிருந்து அவருடைய சாய்வு நாற்காலி நடைவழிக்குப் போனது. பிறகு செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில். இப்போது குளியலறை வாசலில் இருக்கிறது. உட்கார்ந்தால் ஊசி குத்தும், எழுந்தால் நூல் சுற்றும். வகுப்புக்கு வரும் பெண்கள் அவரைப் பார்த்து, "சார், கொஞ்சம் அந்தக் கத்திரிக்கோல்" என்பார்கள். ஒரு நாள் அவசரத்தில் ஒருத்தி அவர் தோள்மேல் அரைகுறை ஜாக்கெட்டைத் தொங்கவிட்டுப் போய்விட்டாள். அவரும் அசையாமல் இருந்தார்.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தார். மொட்டை மாடியின் பின்பக்கத்தில் ஓர் அறை. அவருக்கே அவருக்காக. ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு கதவு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். வரைபடம் போட்டு, நகர அலுவலகத்தின் திட்டப் பிரிவில் அனுமதியும் கேட்டார். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் அறைக்கும் நடுவே விதிப்படி விடவேண்டிய இடைவெளி இல்லை என்று நிராகரித்துவிட்டார்கள்.

அதற்குத்தான் அந்த முழக்கம்.

மனைவி மிஷினை நிறுத்தினாள். "என்னங்க, ஏதாவது சொன்னீங்களா?"

"மேல்முறையீடு பண்ணப் போறேன்."

"மேல யாரு இருக்கா, முறையிட?"

"மேல்முறையீட்டு வாரியம்! ஆபீஸ் தப்பா முடிவு பண்ணினா, அதை எடுத்துப் பார்க்குற அஞ்சு பேர். ஆபீஸ்காரங்க யாரும் அதுல கிடையாது. பொதுமக்கள் முன்னாடி விசாரிச்சு, அங்கேயே ஓட்டுப் போட்டுச் சொல்லுவாங்க. நான் எழுந்து பேசினேன்னு வை, அஞ்சு பேரும் பெட்டியைத் தூக்கிடுவாங்க."

"ஊருக்குப் போகவா?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்! மனை விதி என்ன பெரிய மனை விதி? அதை ஜெயிச்சுக் காட்டறேன் பாரு."

"மனை விதியை ஜெயிச்சுடலாங்க" என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்து.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. மேல்முறையீட்டை வீட்டு உரிமையாளர்தான் போட வேண்டும் என்றார் அலுவலக எழுத்தர். வீடோ மனைவி பெயரில் இருந்தது. கல்யாணமான புதிதில் பெருந்தன்மையாக அவரே அப்படி வாங்கியிருந்தார். அதை இன்றுவரை சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டதில், வீடு உண்மையிலேயே அவளுடையது என்பது மறந்து போயிருந்தது. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"அவ்வளவுதானே? நானே போடுறேன்" என்றாள் மனைவி.

ஒரு கேள்வி இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. அறிவிப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. 'என்ன இருந்தாலும் நம்ம ஆளு!' என்று நெஞ்சு விம்மியது. இவ்வளவு சுலபமாகச் சரி என்று அவள் இதற்கு முன் எதற்குச் சொல்லியிருக்கிறாள் என்று யோசித்திருக்கலாம். பெருமையாக இருந்ததால் யோசிக்கவில்லை.

விசாரணைக்கு முன்பு, விதிப்படி, வாசல் கதவில் ஒரு பலகை மாட்டினார்கள். 'இந்த மனை குறித்து மேல்முறையீடு வந்துள்ளது. ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம்.'

"கல்யாணத்துக்கு முன்னாடியும் இப்படி ஒரு பலகை மாட்டணும்" என்றார் அறிவிப்பாளர்.

"மாட்டியிருந்தா எங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் வரிசையில நின்னிருப்பாங்க" என்றாள் மனைவி.

விசாரணை நாளன்று கஞ்சி போட்ட சட்டையில் விறைப்பாக, மனைவியோடு போய் இறங்கினார். நீளமான அறை. முன்னால் மேடைமேல் ஐந்து நாற்காலி. நடுவில் மூக்குக் கண்ணாடியோடு தலைவி அம்மாள்; இரண்டு பக்கமும் ஒரு கட்டட வல்லுநர், ஒரு வக்கீல், ஒரு மருந்துக் கடைக்காரர், பள்ளிக்கூட அதிகாரி ஒருவர். எதிரே பெஞ்சுகளில் நிராகரிக்கப்பட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பேக்கரிக்காரர், கடையைவிடப் பெரிய பெயர்ப்பலகையை வைக்க அனுமதி கேட்டுத் தோற்றுவிட்டு வெளியேறினார். அடுத்தது இவர்கள் முறை.

முதலில் திட்டப் பிரிவு அதிகாரி எழுந்து, இடைவெளி போதாது, அதனால் நிராகரித்தோம் என்று சுருக்கமாகச் சொல்லி உட்கார்ந்தார். பிறகு அறிவிப்பாளர் எழுந்தார். மைக்கைப் பார்த்ததும் உடம்பில் புது ரத்தம் ஓடியது.

"வாரியத்தின் மேலான கவனத்திற்கு!"

பின்பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

அமைதியின் அருமை, குடும்பத் தலைவனின் உரிமை, தாழ்ப்பாளின் மகத்துவம் என்று பொழிந்து தள்ளினார். தலைவி பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, விதியைத் தளர்த்தணும்னா உங்களுக்கு ஒரு கஷ்டம் இருக்கணும். அந்தக் கஷ்டம் மனையோட அமைப்பால வரணும். உங்க கஷ்டம் மனையால வருதா?"

"மனைவியால வருதுங்க."

அறை குலுங்கியது. வக்கீல் உறுப்பினர் மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடுவதுபோல் குனிந்து சிரித்தார்.

"அதுக்கு வேற கோர்ட் இருக்கு" என்றார் தலைவி. "நிம்மதி வேணும்கிறது ஆசை. ஆசைக்கெல்லாம் விதியைத் தளர்த்த முடியாது. வேற காரணம் இருக்கா?"

இல்லை. தாழ்ப்பாளைத் தவிர அவரிடம் வேறு காரணம் இல்லை. அறை கைநழுவிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது மனைவி எழுந்தாள். "மனை என் பேர்ல இருக்குங்க அம்மா. நான் பேசலாமா?"

துணி வெட்டும் காக்கித் தாளில் தங்கள் மனையை அப்படியே வெட்டிக் கொண்டு வந்திருந்தாள். மேஜையில் விரித்தாள். முன்னால் அகலம், பின்னால் போகப் போகக் குறுகி, முக்கோணத் துண்டுபோல் முடிந்தது. அதன்மேல் விதி கேட்கும் இடைவெளிக்கு இரண்டு சிவப்புத் துணிப்பட்டைகளை வைத்தாள். நடுவில் ஒரு விரலளவு மிச்சம்.

"எங்க தெருவுல மத்த மனையெல்லாம் சதுரம். எங்களது மட்டும் இப்படி. நாங்க வளைச்சதில்ல, இப்படித்தான் வாங்கினோம். விதிப்படி பின்னாடி கட்டினா பீரோ நிக்கும், ஆள் நிக்க முடியாது. முன்னாடி கட்டலாம்னா தண்ணித் தொட்டி இருக்கு. துணி குறுகலா இருந்தா அளவைக் கொஞ்சம் இறக்கித்தான் வெட்டணும். வேற வழியில்ல."

கட்டட வல்லுநர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். திட்டப் பிரிவு அதிகாரியும் வந்தார். "அளவு சரியா இருக்கு" என்றார், கொஞ்சம் தயங்கி.

அறிவிப்பாளருக்கு உடம்பு புல்லரித்தது. பக்கத்தில் இருந்தவரின் விலாவில் இடித்து, "என் சம்சாரம்!" என்றார்.

"இவ்வளவு முறைமை எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்றார் தலைவி.

"போன ரெண்டு விசாரணைக்கும் வந்து பின்னாடி உட்கார்ந்திருந்தேங்க. ஆசையைச் சொன்னவங்க எல்லாரும் தோத்தாங்க. மனையைக் காட்டினவங்க ஜெயிச்சாங்க."

ஜவுளி எடுக்கப் போகிறேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போன நாட்கள் அவை. அறிவிப்பாளருக்கு இப்போதுதான் உறைத்தது. உறைத்தும் பெருமை குறையவில்லை.

"அறை எதுக்கும்மா?"

"என் தையல் வகுப்புக்குங்க. குடியிருப்புப் பகுதியில தொழில் நடத்தணும்னா அதுக்குத் தனி அறை வேணும்னு விதி இருக்கு. இல்லேன்னா வகுப்பை மூடணும். அதை நம்பிப் பல பேர் இருக்காங்க. அதுல நாலு பேர் இப்பச் சொந்தமாக் கடை போட்டிருக்காங்க."

பெருமையில் கைதட்டப் போன அறிவிப்பாளரின் கை பாதியில் நின்றது.

"ஆட்சேபம் உண்டா?" என்றார் தலைவி.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் எழுந்தார். 'அப்பாடா, இவன் கெடுத்துடுவான்' என்று அறிவிப்பாளர் முதல்முறையாகத் தன் வழக்கே தோற்க வேண்டிக்கொண்டார்.

"மிஷின் சத்தத்துல எனக்கு ஆட்சேபம் இல்லீங்க. எங்க பக்கம் ஜன்னல் வைக்கமாட்டேன்னு அந்தம்மா வாக்குக் கொடுத்துட்டாங்க. சாரோட சத்தம்தான் தாங்கல. போன மாசம் மாடியில நின்னு ரயில் தாமதம்னு பயிற்சி எடுத்தாரு. ஊருக்குக் கிளம்பின என் மாமியார் அதைக் கேட்டுட்டு, தாமதம்னா அப்புறம் போறேன்னு பெட்டியைப் பிரிச்சவங்க, இன்னும் கட்டலீங்க."

ஐந்து பேரும் அங்கேயே, எல்லாரும் கேட்கும்படி கலந்து பேசினார்கள். ஐந்து கைகளும் உயர்ந்தன. தலைவி முடிவைப் படித்தார். அலுவலகத்தின் நிராகரிப்பு ரத்து. அறை கட்டலாம். நிபந்தனைகள்: பக்கத்து வீட்டுப் பக்கம் ஜன்னல் கூடாது, தையல் வகுப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், உள்ளே எந்த வகையான அறிவிப்பும் செய்யக் கூடாது.

வெளியே வந்ததும் மனைவி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "முகத்தை ஏன் தொங்கப் போட்டிருக்கீங்க? வகுப்பு மாடிக்குப் போயிடும். கூடம் முழுக்க உங்களுக்குத்தான்."

அவர் நின்றார். கூடம்! சின்ன அறையைக் கேட்டவருக்குப் பெரிய கூடமே கிடைத்திருக்கிறது. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா வாரியத்துல அவ்வளவு அழகா எழுந்து பேசியிருப்பீங்களா?"

அறை எழும்பியது. மிஷின்கள் படியேறின. அறிவிப்பாளர் சாய்வு நாற்காலியைக் கூடத்துக்கு நடுவில் இழுத்துப் போட்டு, காலை நீட்டினார். ரயில் நிலையத்தில் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொன்னார்: "அஞ்சு பேரும் வாயடைச்சுப் போயிட்டாங்க. காக்கித் தாளை விரிச்சா பாருங்க! என் சம்சாரம்!" ஸ்டேஷன் மாஸ்டர், சுமை தூக்குபவர்கள், டீ விற்பவர் எல்லாரும் கேட்டார்கள். கேட்டவர்கள் நாலு பேரிடம் சொன்னார்கள்.

ஒரு மாலை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தார். கூடத்தில் உட்கார இடமில்லை. சுவரோரம் முழுக்க, சுருட்டிய வரைபடங்களோடு முன்பின் தெரியாத ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாய்வு நாற்காலியில் பேக்கரிக்காரர், பெயர்ப்பலகையின் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு.

"வாங்க சார்" என்று நகர்ந்து கொஞ்சம் இடம் கொடுத்தார் ஒருவர். "அந்தம்மா மேல வகுப்புல இருக்காங்க. முடிச்சுட்டு ஒவ்வொருத்தரா கூப்பிடுவாங்க. உங்களுக்கு எதை நிராகரிச்சாங்க?"

அறிவிப்பாளர் நெஞ்சை நிமிர்த்தினார். ரயில் நிலையக் குரலில் சொன்னார்: "அவங்க என் சம்சாரம்!"

கூடமே எழுந்து நின்றது. "அப்படியா சார்! அப்ப எங்களைக் கொஞ்சம் சீக்கிரம் பார்க்கச் சொல்லுங்களேன்."

அறிவிப்பாளர் காலியாக இருந்த அந்தச் சின்ன இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

"நானும் அவங்களைப் பார்க்கத்தாங்க காத்திருக்கேன்."