தண்ணீர் ஊற்றியவர்

“உனக்கு வளரணும்னு ஆசையே இல்லையா?”

ரகுராம் இப்படிக் கேட்டபோது சங்கமித்ரா அவருக்குச் சர்க்கரை இல்லாத டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. டீ சாசரில் வழிந்தது.

“இருக்கு சார்.”

“அப்ப இந்த வருஷம் உன்னை நான் வளர்க்கறேன்.”

அது அந்தக் கம்பெனியின் திட்டம். ஒவ்வொரு மேனேஜரும் டீ போடும் பேன்ட்ரி, துப்புரவு ஆட்களில் ஒருவரை வளர்த்துக் காட்ட வேண்டும். வளர்ந்தவர் ஆண்டு விழா மேடையில் தாய்மொழியில் பேச வேண்டும். வளர்த்தவருக்கு விருது.

“விழா முடியட்டும், ரிசப்ஷன் சீட் உனக்குத்தான்” என்றார் ரகுராம்.

அதே வாரம் அவள் குடியிருந்த மர்பி டவுனில் பக்கத்து வீட்டு அசோகனும் அவளை வேலைக்குக் கேட்டார். ஜோகுபாளையத்தில் அவருடைய ஸ்டேஷனரி கடையில் பில் போட ஆள் வேண்டும்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லும்மா.”

“சொல்றேண்ணா” என்றாள். மனம் ரிசப்ஷன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

ரகுராம் அவளோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அதன்பின் வளர்ப்பு வேலை முழுவதும் அவள் பேச்சைத் திருத்துவதாகவே இருந்தது.

“‘ரகுராம் சார் என்னை வளர்த்தார்’னு எழுதியிருக்கேன் சார்.”

“நாய் வளர்க்கறோம், மீன் வளர்க்கறோம்னு சொல்வோமே, அப்படி இருக்கு. மாத்து.”

மாற்றினாள். “‘ஆளாக்கினார்’?”

“பெத்தவங்களைச் சொல்றது அது. எனக்கு அவ்ளோ வயசா தெரியுது?”

“‘ஊக்குவித்தார்’?”

“ஹெட்மாஸ்டர் பரிசு குடுக்கற மாதிரி இருக்கு. இயல்பா வேணும். உங்க ஏரியால எப்படிப் பேசுவீங்களோ, அப்படி.”

அவர்கள் ஏரியாவில் பேசுகிறபடியே எழுதினாள்: ‘சார் என்னைத் தூக்கிவிட்டாரு.’

அதைப் படித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்திருந்த ஹெச்.ஆர். வைஷ்ணவி அவளைத் தனி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். “பயப்படாம சொல்லுங்க. சார் உங்களை எங்க தொட்டார்?”

“ஐயோ மேடம், சாரு தொடவேயில்ல!”

ரகுராமுக்கு வியர்த்துவிட்டது. “என் வேலைக்கே உலை வெச்சிருப்பே!”

“‘தட்டிக்கொடுத்தார்’னு மாத்தட்டுமா சார்?”

“கை பட்ற வார்த்தையே வேணாம்!”

அன்று மீட்டிங்கிற்கு டீ போகவில்லை. அதற்கும் அவளுக்குத்தான் திட்டு. அவள் சேர்வதற்கு முன்பிருந்தே பேன்ட்ரியில் கப் கழுவும் லட்சுமம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“சும்மனே மண்டைய ஒடச்சிக்காதடி. ‘செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி என்னைப் பாத்துக்கிட்டாரு’ன்னு எழுதிக் குடு. ஒத்துக்குவாரு.”

“உனக்கு எப்படிக்கா தெரியும்?”

“குடுத்துத்தான் பாரேன்.”

ரகுராம் இரண்டு முறை படித்தார். “இதான்! எங்கேயோ கேட்ட மாதிரி, எவ்ளோ இயல்பா இருக்கு!”

வெள்ளிக்கிழமை அசோகனுக்குப் போன் செய்தாள். “வேணாம்ணா. எங்க ஆபீஸ்லயே என்னை ரிசப்ஷன்ல போடறாங்க.”

“சந்தோசம்மா. அப்ப நான் வேற ஆளைச் சேத்துக்கறேன்.”

விழா மேடையில் ஏறினாள். அந்த வரியைச் சொன்னாள். ரகுராம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. விருது அவருக்கு, ஸ்வீட் பாக்ஸ் அவளுக்கு.

திங்கட்கிழமை இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ரிசப்ஷனில் ஷில்பா என்றொரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

“யாரைப் பாக்கணும்?”

சங்கமித்ரா ரகுராமிடம் போனாள்.

“சார், அந்த சீட்டு...”

“எந்த சீட்டு?” லேப்டாப்பிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. “ஓ, அதுவா! அதுக்கு இங்கிலீஷ் வேணுமேம்மா. அவசரப்படாத. வளர்ச்சிங்கறது உள்ளுக்குள்ள நடக்கறது. ஒரு டீ குடேன், சர்க்கரை வேணாம்.”

பேன்ட்ரிக்குத் திரும்பினாள். ஜன்னலோரம் ரகுராமின் மணிபிளான்ட் இருந்தது. அதில் பாதி இலை பழுத்துவிட்டது. மீதி இலைகளுக்காக லட்சுமம்மா கப் கழுவிய தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அசோகண்ணன் கடைக்கும் வேற ஆளு வந்தாச்சுக்கா” என்றாள் சங்கமித்ரா. “அப்படியெல்லாம் கண்ணத் தொடச்சாரே!”

லட்சுமம்மா கப்பைக் கவிழ்த்து வைத்தாள்.

“போன வருசம் மேடையில நான் அதைச் சொன்னப்பவும் தொடச்சாரு.”

இன்டர்காம் அடித்தது. ரகுராமின் டீக்குத்தான். சங்கமித்ரா ஏப்ரனைக் கழற்றிக் குழாயின்மேல் போட்டாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.