நானே வந்து கேட்டாலும் சொல்லாதீங்க

புதுச்சேரி,
வியாழக்கிழமை.

பாசமுள்ள மச்சான் கோபிநாத்துக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரன் தெய்வசிகாமணி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காளும் சுகம். என் இரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது. காரைக்காலில் நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். செல்போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் காது கேட்கிறது; ஸ்பீக்கரில் போட்டால் சமையலறையில் உன் அக்காளுக்கும் கேட்கிறது. ஆகவே தபால். படித்ததும் கிழித்துவிடு.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். உன் அக்காள் செல்வாம்பாளுக்கு இந்த ஐப்பசியில் அறுபது முடிகிறது. தீபாவளியை ஒட்டிப் பிறந்தவள் என்பதால், உங்கள் அப்பா காலத்திலிருந்தே தீபாவளிப் புடவைதான் பிறந்தநாள் புடவை, அதிரசம்தான் கேக். போன மாதம் பக்கத்து வீட்டுக் கலைவாணியிடம், "எனக்குன்னு ஒருநாள் வந்ததே இல்லக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். சிரித்துக்கொண்டு சொன்னதால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவளுக்கென்று ஒருநாள் வேண்டும், அதுவும் அவளுக்கே தெரியாமல் என்று முடிவு செய்தேன். உன்னிடம் சொன்னதற்கு, "அதுக்கெல்லாம் இப்ப ஆளுங்க இருக்காங்க மாமா, பர்த்டே பிளானர்னு பேரு" என்றாய். ஆள் இருக்கிறார்கள், சரி. நம்பலாமா? பொதுப்பணித்துறை ஸ்டோரில் ஆணியைக்கூட எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கியவன் நான்.

அதனால் ஒரு பரீட்சை வைத்தேன். ஒவ்வொரு பிளானரிடமும் ஒவ்வொரு பொய்யைச் சொல்வது. எந்தப் பொய் ஊரைச் சுற்றிக்கொண்டு என் காதுக்கே திரும்பி வருகிறதோ, அதற்குரிய ஆளைத் தள்ளிவிடுவது. முதலில் உப்பளத்தில் வினோத்குமார். ஏசி அறை, மேஜை மேல் பலூனால் செய்த மயில். சர்க்கரைத் துலாபாரம் செய்யப் போகிறேன், உன் அக்காளைத் தராசில் உட்கார வைக்க வேண்டும் என்றேன். "மூச்சு விடமாட்டோம் சார்" என்று நெஞ்சில் கை வைத்தார். மறுநாள் காலையில் வைத்திக்குப்பத்துக்குச் சங்கரா வாங்கப் போனால், மீன் விற்கும் கார்குழலி கடற்கரைக்கே கேட்கும்படி, "இன்னாண்ணே, அண்ணிய தராசுல ஒக்கார வைக்கப் போறியாமே? கவுறு கெட்டியா இருக்குதான்னு பாத்துக்க" என்கிறாள். வினோத்குமாருக்கு டெம்போ ஓட்டுபவன் அவளுடைய கொழுந்தனாம். மீன் வாங்காமலே வந்துவிட்டேன். அடுத்தவர் பிரேம்குமார். அவரிடம் குதிரை பூட்டிய சாரட்டு வேண்டும் என்றேன். அவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்! என் போட்டோ, பக்கத்தில் குதிரை, கீழே 'ரகசிய விழா, விரைவில்'. உன் அக்காளிடம் அவர் நம்பர் இல்லாததால் பிழைத்தேன்.

மூன்றாவது, முல்லா வீதி நபீசா. மச்சான், இனிமேல் வருவதை நிமிர்ந்து உட்கார்ந்து படி. வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. பலூனும் கிடையாது, மயிலும் கிடையாது. புறா பறக்கவிடும் மேஜிக்காரர் வேண்டும், யாருக்கும் தெரியக்கூடாது, "நானே வந்து கேட்டாலும் சொல்லாதீங்க" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தேன். "சரிங்க சார்" என்றார், அவ்வளவுதான். நாட்கள் போயின, புறா எந்தப் பக்கமிருந்தும் திரும்பி வரவில்லை. என் சிநேகிதன் சக்கரபாணியை, செல்வாம்பாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லச் சொல்லித் துப்பறிய அனுப்பினேன். "எந்தச் செல்வாம்பாள்? தெரியலீங்களே" என்று இஞ்சி டீ கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். துப்பறியப் போனவன் தன் பேரனின் பிறந்தநாளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து நிற்கிறான். உடனே ஓடிப்போய், முழுப் பொறுப்பும் உங்களுக்குத்தான், அந்தப் புறா மட்டும் வேண்டாம் என்றேன். "எந்தப் புறா சார்?" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மறுவாரம் போய் எந்த மண்டபம் என்று கேட்டேன்.

"எந்த விசேஷத்துக்கு சார்?"

"அம்மா, நான்தான் தெய்வசிகாமணி."

"தெரியும் சார். நானே வந்து கேட்டாலும் சொல்லாதீங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது பேச்சுக்குச் சொன்னதும்மா."

"எங்க வேலையில பேச்சுக்குன்னு ஒண்ணு கெடையாது சார்."

கோபித்தேன், கெஞ்சினேன், கடைசியில் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்து, "போட்டோ நல்லா வந்திருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கேக் செய்பவருக்குப் பெயர் தெரியாதாம், பூ கட்டுபவருக்கு மண்டபம் தெரியாதாம், மண்டபத்துக்காரருக்கு என்ன விசேஷமென்றே தெரியாதாம். படியிறங்கி வந்து கடற்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உத்தியோகத்தில் எத்தனை எத்தனை பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். கொடுத்த சொல்லை இப்படிக் கட்டிக் காப்பாற்றும் ஒருவரைப் பார்த்ததே இல்லை. திரும்பிப் போய்க் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. ஆனால் மச்சான், எந்த இடம் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதும் உண்மை.

ஆகவே விழா நாளான ஞாயிறு மாலை நீ புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் குடும்பத்தோடு இறங்கி நில். நபீசாவின் தம்பி அன்வருதீன் ஆட்டோவோடு வருவார். எங்கே போகிறோம் என்று மட்டும் கேட்டுவிடாதே, கேட்டால் ஏற்றமாட்டாராம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், உன் சம்சாரத்துக்கு என் விசாரிப்பு. மணக்குள விநாயகர் உங்களுக்கு எல்லா நலமும் தந்து, நம் எல்லோரையும் ஒரே மண்டபத்தில் கொண்டு சேர்ப்பாராக.

உன் மாமா,
தெய்வசிகாமணி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உன் அக்காள் சாப்பிடக் கூப்பிட்டாள். சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். ரசத்தை ஊற்றியவள், "கருவடிக்குப்பத்துல. மாடி ஹாலு, லிஃப்ட் இருக்குது. இப்பவாச்சும் சாப்புடுங்க" என்றாள். மச்சான், நான் பொறுப்பைக் கொடுத்த அன்றைக்கே, நான் வெளியே போயிருந்த நேரம் பார்த்து நபீசா வீட்டுக்கு வந்திருக்கிறார். "ஒருத்தங்கள இருட்டுல நிக்க வச்சு, லைட்டப் போட்டுக் கத்துறதுக்கு முன்னாடி அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் செய்வேம்மா. புடிக்கலன்னா சொல்லுங்க, நிறுத்திடுறேன்" என்றாராம். உன் அக்காள் சம்மதித்துவிட்டாள், தனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. மண்டபம், பூ, சாப்பாடு எல்லாம் அவள் தேர்ந்தெடுத்தது. அந்த அம்மாள் எனக்காக ரகசியம் காத்ததை மெச்சிக்கொண்டிருக்கிறேன். என்னிடமிருந்தே ஒரு ரகசியத்தைக் காத்திருக்கிறார்!

"அப்புறம் ஏன் என்கிட்ட சொன்ன?" என்றேன்.

"நீங்க சோறு எறங்காம கெடக்கறதப் பாத்துக்கிட்டு எப்படி இருக்கறது? நபீசாகிட்ட சொல்லிடாதீங்க, அப்புறம் என்னை நம்பமாட்டா."

நீயும் சொல்லிவிடாதே. நான் கை கழுவும்போது பின்னால் வந்து நின்று கேட்டாள்: "லைட்டு போட்டதும் நான் எந்தப் பக்கம் பாக்கணும்?"

"என் பக்கம் பாரு" என்றேன்.