மாமா அடித்த பதினோரு ரன்

அண்ணாமலை நகர்,
27.1.2009, செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மாமா திரு. சடையப்பன் அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் அன்பரசு பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆகையால் நலம். தாங்களும் அத்தையும் நலமாகவே இருப்பீர்கள். எழிலரசி பதினோரு நாளாகப் பண்ருட்டியில் தங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்பதால், அவளுடைய நலத்தைத் தாங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் மண்டியில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திரி மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து "சௌக்கியமா மாப்ள" என்பார்கள். நேரில் வந்து சொல்லலாமென்றால், தங்கள் முகத்தைப் பார்த்ததும் "சாப்டீங்களா மாமா" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வருவதில்லை. அதனால்தான் கடிதம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணத்துக்குத் தாங்கள் சீராகக் கொடுத்த டிவி மிகவும் நன்றாக இருக்கிறது. குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. ஆனால் அதைச் செய்தவன் வீட்டில் கேபிள் தவிர வேறொன்றும் இல்லை போலிருக்கிறது, மாமா. பின்பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று ஒரே ஒரு வரிசை ஓட்டைதான். அதில் எழிலரசியின் டிவிடி பிளேயரைச் சொருகினால் என் வீடியோ கேம் பெட்டி கிடையாது, கேமைச் சொருகினால் டிவிடி கிடையாது. ஒவ்வொரு தடவையும் டிவிக்கும் சுவருக்கும் நடுவே தலையை விட்டு ஒயரை மாற்ற வேண்டும். சிவப்பு ஒயர் லூசு. ஒரு காதில்தான் சத்தம் வரும். கையில் பிடிக்கும் கண்ட்ரோலருக்கு ஒயர் குட்டை, அதனால் டிவிக்கு இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். ஸ்டெபிலைசர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் 'டொக்'கென்று அடிக்கும், அடிக்கும்போதெல்லாம் என் நெஞ்சும் அடிக்கும். டிஸ்க் கீறல் விழுந்து படம் உறைந்து நின்றால் பற்பசை தேய்த்துத் துடைக்கச் சொன்னார்கள், தேய்த்தேன். இப்போது டிஸ்க் மணக்கிறது, ஓடத்தான் மாட்டேனென்கிறது. பெட்டி சூடாகிறதே என்று, பொங்கல் சீர்த் தட்டிலிருந்த மஞ்சள் தடவிய ஏதோ பத்திரிகையை நாலாக மடித்து அடியில் முட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து சூடாவதில்லை. எல்லாம் தங்கள் ஆசீர்வாதம்.

இதற்கு மேல் கரண்ட். பகலில் இரண்டு மணி நேரம் நிறுத்துகிறார்கள். பன்னிரண்டு மணிக்கென்று சொல்லிவிட்டுப் பதினொன்று அம்பதுக்கே போய்விடும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் மாமா மனுஷன் கடைசி ஓவர் ஆடிக்கொண்டிருப்பான். அதுவரை ஆடியதைப் பத்திரப்படுத்த மெமரி கார்டு என்று தீப்பெட்டி அளவில் ஒரு சில்லு இருக்கிறது. அதில்தான் எல்லாம் பதிந்திருக்கும். அது சின்னது. என்னுடைய கிரிக்கெட் டீமுக்குக் கொஞ்சம் இடம், எழிலரசியின் விவசாய விளையாட்டுக்குக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான், நிறைந்துவிட்டது.

அவளுடைய விவசாயத்தைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது. செப்டம்பரில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். நாலே மாதத்தில் டிவிக்குள்ளேயே கிணறு வெட்டி, கொட்டகை போட்டு, எட்டுக் கோழியும் ஒரு பசுவும் வாங்கி, பசுவுக்கு இருசம்மாள் என்று பேரும் வைத்தாள். நான் வேலைவிட்டு வந்தால் "என்னாங்க, இருசம்மா இன்னிக்கு ரெண்டு குடம் கறந்துச்சு" என்பாள். அடுப்பில் பால் பொங்கி வழியும். அதைப் பார்க்க ஆளிருக்காது.

இப்போது நிஜமாகவே விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பதிமூன்றாம் தேதி தாங்களும் அத்தையும் தலைப் பொங்கல் சீர் கொண்டுவந்தீர்கள். பானை, கரும்பு, பூசணிக்காய், முந்திரி எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, "இது என்னா மாப்ள, பொட்டி?" என்று கேட்டீர்கள். மாமனார் கேட்டுவிட்டு நிற்கும்போது முதல் கண்ட்ரோலரைக் கொடுக்காமல் இருக்க முடியுமா? தங்கள் பேரையும் அடித்துக் கொடுத்தேன். தாங்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒரு ஃபோர் உட்பட பதினோரு ரன் அடித்து போல்டு ஆனீர்கள். அப்போது அத்தை தேங்காய் உரிக்கக் கூப்பிட்டாரென்று நான் பின்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தால் தாங்கள் எழுந்து நிற்கிறீர்கள். "ஏதோ இங்கிலீஷ்ல கேட்டுச்சு மாப்ள. வேணுமா வேணாமான்னு. மரியாதையா கேக்குது, இல்லன்னா சொல்ல முடியும்? சரின்னு அமுக்கிட்டேன்" என்றீர்கள்.

அது கேட்டது என்னவென்றால் மாமா, கார்டில் இடமில்லை, இங்கே இருக்கும் பண்ணையை அழித்துவிட்டுத் தங்கள் பதினோரு ரன்னை எழுதிக்கொள்ளட்டுமா என்று.

நானும் திரையை எட்டிப் பார்த்தேன், பண்ணை போய்விட்டிருந்தது. ஆனாலும் என்ன சொன்னேன்? "பரவால்ல மாமா, நல்லாதான் ஆடுனீங்க" என்றேன். சீர் கொண்டுவந்த மனிதரிடம் வேறு என்னத்தைச் சொல்வது?

பொங்கலன்று அவளுக்கு நேரமில்லை. மறுநாள் மாட்டுப் பொங்கல். இருசம்மாளைப் பார்க்கலாம் என்று ஆசையாக டிவியைப் போட்டாள். கொட்டகையும் இல்லை, கோழியும் இல்லை. வெறும் திரையில் 'சடையப்பன், 11' என்று நிற்கிறது. அதை அவள் சரியாகப் பார்ப்பதற்குள் ஸ்டெபிலைசர் 'டொக்'கென்று அணைந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து "நீங்களா?" என்றாள். இல்லையென்றால் தங்களைக் காட்டிக் கொடுக்க வேண்டும், ஆமென்றால் பொய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தவனைப் பார்த்து யார் நிரபராதி என்பார்கள்? மறுநாள் காணும் பொங்கல், நான் மேட்ச் ஆடிக்கொண்டிருந்தேன், மேட்ச் முடிந்து பார்த்தால் அவளும் இல்லை, துணிப் பையும் இல்லை. தேடிப் பார்த்ததில் செல்போன் சார்ஜரைக்கூட டிவிக்குப் பின்னால் எறிந்துவிட்டுப் போயிருக்கிறாள். இனி என்னோடு பேசுவதில்லை என்ற முடிவுதானே?

இருபத்திரண்டாம் தேதி வீட்டு நம்பருக்குப் போன் செய்தேன். அத்தைதான் எடுத்தார். "அவ வேலையா இருக்கா மாப்ள. ஞாயித்துக்கெழம எல்லாரும் மேல்பட்டாம்பாக்கத்துல கூடுறோம். எழிலு சித்தப்பாவும் நீங்க வந்தே ஆவணுங்குறாரு" என்றார். பங்காளிகளைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்கிற அளவுக்கு நான் ஒரு டிவிப் பசுமாட்டை என்ன செய்துவிட்டேன்? ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன்.

மாமா, வீடு வெறிச்சென்று இருக்கிறது. ரசம் வைக்கத் தெரியும், வைத்தால் யார் குடிப்பது? அவளுக்காக அந்தப் பண்ணையை நானே மறுபடி உண்டாக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முள்ளங்கி விதைத்துத் தண்ணீர் ஊற்றினேன். கார்டில் இடமில்லாததால் பதிவாகவில்லை. பெட்டியை அணைக்காமல் வைத்தேன். பதினொன்று அம்பதுக்குக் கரண்ட் போயிற்று, முள்ளங்கியும் போயிற்று. மறுநாளும் அப்படியே. தங்கள் பதினோரு ரன்னை அழித்தால் இடம் கிடைக்கும், ஆனால் மாமனார் பேர் போட்ட இடத்தில் எப்படி 'அழி' என்று அமுக்குவது? கை வரவில்லை. கடைசியில் நேற்று, குடியரசு தின லீவில், என் கிரிக்கெட் டீமை அழித்துவிட்டேன். மூன்று வருஷத்து டீம். ஒவ்வொரு பயலாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. இப்போது கார்டில் இருப்பது இரண்டுதான். தங்கள் பதினோரு ரன்னும், அவளுக்கென்று ஆறு முள்ளங்கியும். பசு வாங்க இன்னும் காசு சேரவில்லை, சேர்ந்துவிடும்.

நான் கேட்பது இவ்வளவுதான். நடந்ததைத் தாங்கள் எழிலரசியிடம் ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். சங்கடமாக இருந்தால் வேண்டாம், அழித்தது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அவள் வந்தால் போதும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். சித்தப்பாவுக்கு வணக்கம், அவர் கோபம் தணிந்திருந்தால் மட்டும் சொல்லவும். டிவி நன்றாகவே இருக்கிறது.

தங்கள் ஆசியை நாடும் மருமகன்,
அன்பரசு

பின்குறிப்பு: அப்பா, இது எழில் எழுதுறேன். பண்ருட்டியிலேருந்து இப்பதான் வந்து எறங்குனேன். இவரு கவர் ஒட்ட பசை வாங்க கடைக்குப் போயிருக்காரு. லெட்டர் மேஜ மேல கெடந்துச்சு, நின்னமேனிக்கே படிச்சிட்டேன். சிரிக்கிறதா தலையில அடிச்சிக்கிறதான்னு தெரியல.

நான் கோவிச்சுகிட்டாப்பா அங்க வந்தேன்? கெளம்பறப்ப இவரு பக்கத்துல நின்னு மூணு தடவ சொன்னேன். "என்னாங்க, சித்தப்பா வீட்டுப் பேத்திக்கு இருவத்தஞ்சாந்தேதி காதுகுத்து, ஒத்தாசைக்கு நான் முன்னாடியே போறேன், நீங்க ஞாயித்துக்கெழம வந்துடுங்க." மூணு தடவையும் டிவியப் பாத்துகிட்டே "ம்ம்"ன்னாரு. நீங்க சீர்த் தட்டுல வச்சுக் குடுத்த காதுகுத்துப் பத்திரிகதான் அந்தப் பொட்டிக்கு அடியில முட்டு. சார்ஜர நான் எறியல, இவரு ஸ்டெபிலைசருக்கு எடம் வேணும்னு புடுங்கிப் போட்டது. நானும் அங்க ஊரெல்லாம் தேடுனேன். பஞ்சாயத்தாம், பஞ்சாயத்து! மாப்ள வரலியேன்னு சித்தப்பா தனியா பந்தியில எலைபோட்டு வச்சிருந்தாரு.

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல என்னப் பாத்ததுமே நீங்க "யம்மா, ஒன் மாட்ட நாந்தாம்மா அழிச்சிட்டேன்"னு சொன்னீங்க இல்ல, அத இவருகிட்ட சொல்லல. ரெண்டு நாள் போவட்டும். பதினோரு நாளா ஒங்களக் காட்டிக் குடுக்காம மனுஷன் கெடந்திருக்காரு. கார்டப் போட்டுப் பாத்தேன், நெசமாவே இவரு டீமக் காணோம்ப்பா. ஆறு முள்ளங்கிதான் இருக்கு. ஒண்ணுக்குத் தண்ணி ஊத்த மறந்திருக்காரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒங்க ரன்ன நான்தான் அழிச்சேன், கோவிச்சுக்காதீங்க. அந்த எடத்துல இவரு புது டீம் ஆரம்பிக்கட்டும்.

இத எழுதிகிட்டு இருக்கறப்பவே வந்துட்டாரு. என்னப் பாத்ததும் "சாப்ட்டியா"ன்னாரு. அப்புறம் கையக் கால எங்க வைக்கறதுன்னு தெரியாம டிவி முன்னாடி போயி ஒக்காந்துகிட்டாரு. நான் சமையக்கட்டுலேருந்து ஒண்ணு கேட்டேன். "ம்..."ன்னு ஆரம்பிச்சவரு பதறிப் போயி எழுந்து மெயின் சுவிட்சையே அணைச்சிட்டு ஓடியாந்து, "நிறுத்திட்டேன், எழிலு, எல்லாத்தையும் நிறுத்திட்டேன். என்னா சொன்ன? திரும்பச் சொல்லு"ன்னாரு.

தோச ஊத்தட்டுமான்னுதான் கேட்டேன். அத மூணு தடவ சொல்லச் சொல்லி கேட்டுகிட்டாருப்பா.